அண்ணாவுக்குச் சொன்ன பாதி

“அப்பான்ர ஈரலில ஒரே கட்டிக்குள்ள ரெண்டு விதமான கான்சர் அக்கா. அண்ணாவுக்கு நான் ஒண்டைத்தான் சொன்னனான்.”

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய சகோதரிகள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் கடல் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

“ஏனடி மறைச்சனி?”

“கனடாவில தனிய இருந்து அழுவார். மருந்து இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்.”

“பிறகு?”

“ஒண்டுக்குக் குடுக்கிற மருந்து மற்றதுக்குக் கேக்காதாம். ஆவணி வரைக்கும் அப்பா தாங்கமாட்டாராம். அண்ணா ஆவணிக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கிறார்.”

“விசரி! ஃபோனைத் தா, நான் சொல்லுறன்.”

மூத்தவள் ஃபோனை வாங்கிக் கனடாவுக்கு எடுத்தாள்.

“தம்பி, அக்கா கதைக்கிறன்.”

வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“ஓமடா, மருந்து இருக்குத்தான். எண்டாலும் இந்தக் கிழமையே வரேலாதோ? இல்லையடா, ஒண்டுமில்லை. அப்பா உன்னைத் தேடுறார்.”