மஞ்சளுக்குக் கேட்காத தாடி

"போன மாசம் தூரமானேன்க்கா. கொல்லையில தனியா ஒக்காந்து சந்தோஷத்துல அழுதேன்."

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து வந்தது குரல். ஆணின் குரல் போலக் கட்டையாக இருந்தது. பேசியவள் ஜன்னலோரம் இருந்த இளம்பெண். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் மூத்தவள்.

"நின்னே போச்சுன்னாங்களே."

"நின்னுதான் போச்சு. தாடி வேற வந்துச்சி. சின்ன வயசுல எங்கம்மா மஞ்சள் தேய்ச்சு வுடலன்னு மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்துச்சி. நானும் கஸ்தூரி மஞ்சள், கோரக்கெழங்குன்னு தோல் உரியத் தேய்ச்சேன். கேக்கல. முந்தானையால மூஞ்ச மூடிக்கினுதான் வெளியவே போவேன்."

"மெட்ராஸ் ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க?"

"கிட்னிக்கு மேல ஒரு சுரப்பி கீதாம். அதுல கட்டி. ஆம்பளைக்கு ஊற வேண்டியது எனக்கு ஊறிக்கினு இருந்துச்சாம். அறுத்து எடுத்துட்டாங்க. இப்ப முடி கொறஞ்சிக்கினே வருது."

"மாமியார் இன்னா சொல்லுது?"

"தூரம் முடிஞ்ச அன்னிக்கு அதுவே வெந்நீர் போட்டு தலைக்கு ஊத்திவுட்டுச்சி."

"கொரலு?"

"அது இப்பிடியேதான் இருக்குமாம். இருக்கட்டும்க்கா."

திருப்புலிவனத்தில் இறங்க ஜன்னலோரப் பெண் எழுந்தாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

"யோவ், நிறுத்துய்யா."

டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். முந்தானை தோளிலேயே கிடக்க, அவள் நிதானமாக இறங்கிப் போனாள்.