நைனா எண்ணிய தலைகள்

"படு! மண்ணோட படு!"

படுக்கிறோம். வாயில் மணல். தங்கச்சி தெரேசாவின் கால் என் முகத்தில். வடக்கே, கோட்டைப் பக்கம், மறுபடி அந்தச் சத்தம். தூரத்தில் யாரோ பெரிய கதவை அறைந்து சாத்தின மாதிரி. காதுக்கு முன்னால் வயிற்றில் தெரிகிறது.

"எழு! ஓடு!"

எழுகிறோம். ஓடுகிறோம். சாந்தோம் கோயில் கோபுரம் முதுகுக்குப் பின்னால். கடல் இடது கைப் பக்கம். அடையாறு கடலில் விழுகிற முகத்துவாரத்தைப் பார்த்துத் தெற்கே ஓடுகிறோம். நூறு அடி போயிருக்க மாட்டோம். மறுபடி சத்தம். மறுபடி மணல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. தை மாதம். பொங்கல் போன அடுத்த வாரம். காலை நேரம். ஆண்கள் எல்லாரும் கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போயிருந்தார்கள். என் அப்பாவும் போயிருந்தார். குப்பத்தில் பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள். எனக்குப் பதினோரு வயது.

படு, எழு என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடுகிறவர் என் அப்பாவைப் பெற்றவர். பெயர் சவரிமுத்து. அப்பா நைனா என்று கூப்பிட்டார். கேட்டுப் பழகி நாங்களும் நைனா என்றோம். குப்பமே அப்படித்தான் கூப்பிட்டது. அறுபதை நெருங்கிய ஆள். அவர் தோளில் என் தம்பி சின்னப்பன், கைக்குழந்தை. இன்னொரு தோளில் வலைக்கயிறு ஒரு சுற்று. பின்னால் தெரேசாவை இழுத்துக்கொண்டு அம்மா. அதற்கும் பின்னால் லூர்து அத்தை. நைனாவின் மகள்.

நைனா யார் என்று சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டைக்கு எங்கள் குப்பத்தில் இருந்து போனவர் அவர் ஒருவர்தான். கப்பலில் பஸ்ராவுக்குப் போனார். அங்கிருந்து ஆற்று வழியாக மேலே. பட்டாளத்தில் டோலி தூக்கினார். அடிபட்டவனைக் கித்தானில் கிடத்தி, முன் காம்பை ஒருவன், பின் காம்பை ஒருவன் பிடித்து ஓடுவது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் துருக்கிக்காரன் நம் பட்டாளத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டான். படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலம் ஒன்று இருந்ததாம். அதன் மேல் போகும்போது குண்டு விழுந்தது. முன் காம்பு நைனா கையில். திரும்பிப் பார்க்கிறார். பின் காம்பைப் பிடித்தவர் இல்லை. டோலியில் இருந்தவனும் இல்லை.

இவ்வளவுதான் சொல்வார். அதுவும் எப்போதாவது. பிடிபட்டு, பட்டினி கிடந்து, சண்டை முடிந்தபிறகு வந்து சேர்ந்தார். நான் அப்போது பிறக்கவில்லை.

வந்தவர் குடிசைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினார். ஆள் குனிந்து உட்காருகிற ஆழம். கடற்கரை மணல் நிற்குமா? ஒவ்வொரு மழைக்கும் சரிந்துவிடும். ஒவ்வொரு தையிலும் மறுபடி வெட்டுவார். பக்கத்துக் குடிசை கத்தரீன் மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் அதில்தான் கொட்டுவாள். கொட்டிக்கொண்டே வாயைக் கொடுப்பாள்.

"இன்னா நைனா, உனுக்கே குழி வெட்டிக்கினு கீறியா? கல்லறையில எடமில்லன்னு சாமியார் சொல்லிட்டாரா?"

"உனுக்கும் சேத்துத்தான் வெட்டறேன். நீ குண்டா கீறே. அதான் நேரமாவுது."

அவள் சிரிப்பாள். நைனா சிரிக்க மாட்டார். மண்வெட்டி நிற்காது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சாயங்காலம் கஞ்சி குடித்து முடித்ததும் எங்கள் தலையைத் தொட்டு எண்ணுவார். பட்டாளத்து இந்துஸ்தானியில். ஏக், தோ, தீன், சார், பாஞ்ச். அம்மா, அத்தை, நான், தெரேசா, சின்னப்பன். அப்பா இருந்தால் சே, ஆறு. கடைசித் தலைக்குப் பிறகும் அவர் கை ஒரு நொடி காற்றில் நிற்கும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு முதல் சத்தம் கேட்டபோது பெண்கள் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது கேட்டது. மூன்றாவதுக்குக் கத்தினவள் கத்தரீன்.

"எம்டன்! எம்டன் வந்துட்டான்!"

பெரிய சண்டையின் ஆரம்பத்தில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. அன்று பட்டணத்தைவிட்டு ஓடினவர்கள் பலர். கத்தரீனும் ஓடினவள். அந்தப் பயம் அவள் உடம்பில் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் கேலி செய்த குழிக்கு முதலில் ஓடினவளும் அவள்தான். பாதிக் குழி செதில். பாதி தண்ணீர். நைனா எட்டிப் பார்த்தார். அதில் யாரும் உட்கார முடியாது. எல்லாரையும் தெற்கே ஓடச் சொன்னார். குப்பமே அவர் பின்னால் ஓடியது. அவரைத் தவிர சண்டை தெரிந்தவர் வேறு யார் இருந்தார்கள்?

வலது கைப் பக்கம் பாதை பிரிகிறது. அதில் போனால் ரோடு. ரோட்டில் போனால் அடையாற்றுப் பாலம். கல் பாலம். மாட்டு வண்டியும் மோட்டாரும் போகிற பாலம். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். நைனா இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நிற்கிறார்.

"பாலம் வேணாம்! பாலத்தத்தான் மொதல்ல அடிப்பான்!"

ஆற்றில் இறங்கச் சொல்கிறாயா, பிள்ளைகள் இருக்கிறதே என்று கத்தரீன் கேட்டாள். நைனாவுக்கு அது காதில் ஏறவில்லை. அவர் கண் முன்னால் இருந்தது வேறு பாலம். குப்பம் பாலத்துக்குப் போனது. நாங்கள் ஐந்து பேர் அவர் பின்னால் போனோம். அவர் எங்கள் நைனா. வேறு எப்படிப் போவோம்?

முகத்துவாரம். மழைக்காலம் முடிந்து வாய் திறந்து கிடக்கிறது. மணல் திட்டின் மேல் நடந்தால் இடுப்பளவு. ஒரு அடி தவறினால் ஆள் முங்கும். நைனா கயிற்றை எங்கள் இடுப்பில் கட்டுகிறார். கடைசி முனையை அத்தை கையில் கொடுக்கிறார். அத்தையின் புருஷனைக் கடல் கொண்டுபோய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவள் தண்ணீரில் கால் வைத்ததில்லை. மயிலாப்பூர்த் தெருக்களில் கருவாடு விற்றாள். கரையில் அலை ஏறினால் ஒதுங்கி நடப்பாள்.

இறங்கினோம். சின்னப்பன் நைனாவின் தலைக்கு மேலே, இரண்டு கையிலும். நடு ஆற்றில் சத்தம். நைனாவின் முழங்கால் மடிகிறது. தண்ணீர் அவர் கழுத்துக்கு வருகிறது. குழந்தையின் கால் நனைகிறது.

"நைனா! புள்ள!"

அம்மா போட்ட கூச்சல். நைனா விழித்துக்கொண்டவர் போல நிமிர்ந்தார். கரை ஏறினோம்.

ஏறியதும் எண்ணினார். ஏக். தோ. தீன். சார். கயிற்றின் முனை காலியாகத் தண்ணீரில் கிடந்தது. அத்தை அக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு. வரவில்லை, நீங்கள் போங்கள் என்று கையை ஆட்டுகிறாள்.

"ஒரு தலை கொறையுது" என்றார் நைனா. அவர் பேசி நான் கடைசியாகக் கேட்டது அது.

திரும்பிப் போனார். அவள் பக்கத்தில் குந்தி ஏதோ சொன்னார். காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை. அத்தை தலையை ஆட்டினாள். பிறகு ஆட்டவில்லை. அடிபட்டவனைத் தூக்குகிற மாதிரி அவளை முதுகில் ஏற்றிக்கொண்டார். அவள் அவர் கழுத்தைக் கட்டி முகத்தை முதுகில் புதைத்துக்கொண்டாள். தண்ணீரைப் பார்க்காமல் வருகிறாள். பாதி ஆறு தாண்டிவிட்டார்கள்.

"படுக்காத நைனா! நில்லு! நில்லு!"

சத்தம் வரும் நேரம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. முன்கூட்டியே கத்துகிறாள். அலையின் இரைச்சல் பெரிதாக இருக்கிறது.

சத்தம் வந்தது. நைனா படுத்தார்.

மகள் மேல் குண்டு விழாமல் இருக்கத்தான் படுத்தார். அவரைச் சண்டையில் உயிரோடு வைத்திருந்ததும் அந்தப் படுக்கைதான். தண்ணீர் மூடிக்கொண்டது. அத்தையின் புடவை ஒரு தரம் மேலே வந்தது. கடல் பக்கமாகப் போனது. நைனாவின் தலை வரவில்லை.

அடுத்த சத்தம் கேட்டது. நாங்கள் மணலில் படுத்தோம். படு என்று சொல்ல ஆள் இல்லை. படுத்தோம்.

எப்போது நின்றது என்று தெரியாது. வெயில் ஏறின பிறகு பாலத்தைத் தாண்டின குப்பத்துச் சனம் கரையோடு எங்களைத் தேடி வந்தது. ஒருத்தர் மேலும் ஒரு கீறல் இல்லை. கூடவே கோயில் உபதேசியார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. சீமையில் ராஜா செத்துவிட்டாராம். மரியாதைக்குக் கோட்டையில் சுட்டார்களாம். நிமிஷத்துக்கு ஒன்று, ராஜாவின் வயசு எத்தனையோ அத்தனை. குண்டு கிடையாது, வெறும் வெடிமருந்துதான் என்றார். கத்தரீன் கேட்டாள்.

"நைனா எங்க?"

அம்மா ஆற்றைப் பார்த்தாள்.

கடலில் இருந்து வந்த அப்பா ஆளில்லாத குப்பத்தைப் பார்த்தார். காயப்போட்ட மீனைக் காக்கைகள் தின்றுகொண்டிருந்தன. கேள்விப்பட்டதும் கட்டுமரத்தைத் திருப்பித் தள்ளிக்கொண்டு முகத்துவாரத்துக்கு வந்தார். சாயங்காலம் தன் தங்கச்சியை, லூர்து அத்தையை எடுத்தார். மறுநாள் திருவான்மியூர்க் கரையில் தகப்பனை எடுத்தார்.

கிறுக்குச் சிப்பாய் பெற்ற மகளை முக்கிவிட்டான் என்று பேசினார்கள். என் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது வந்தது. நான் பதில் சொன்னேன். எங்கள் நைனா கிறுக்கு இல்லை. பட்டாளத்தில் கற்றுக்கொடுத்ததை மறக்காத ஆள். சண்டை முடிந்தது என்று பட்டாளம் அவரை அனுப்பிவிட்டது. அவர் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. கத்தரீன் அதற்குப் பிறகு தன் வாழ்நாளில் ஒரு வார்த்தை நைனாவைப் பற்றித் தப்பாகப் பேசியதில்லை. அந்தக் குழியை அவளே இறங்கிக் கழுவிச் சுத்தம் செய்தாள். தூர்க்க யாரையும் விடவில்லை. அடுத்த மழைதான் தூர்த்தது.

இனி கணக்கு. அவர் எண்ணின மாதிரியே எண்ணுகிறேன்.

பொருளில், வலைக்கயிறு ஒரு சுற்று. ஒரு நாள் மீன்.

ஆளில், ஏக்: லூர்து அத்தை. கரையில் சும்மா உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

தோ: நைனா சவரிமுத்து. சண்டையில் செத்தவர் என்றே எழுதுகிறேன்.

தீன்: டோலியின் பின் காம்பைப் பிடித்தவர். பெயர் தெரியாது. நைனாவின் கை காற்றில் நின்ற இடத்தில் அவரை வைக்கிறேன்.

ராஜாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.