வாரம் பன்னிரண்டு படங்கள்

பழைய லேப்டாப்பைத் திறக்கும்போது, திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைக்க வேண்டும். நீளமான திருகைக் குட்டையானதன் துளையில் போட்டு முடுக்கினால் உள்ளே இருக்கும் போர்டில் ஓட்டை விழும். இருபது வருடத் தொழிலில் ஒரு திருகைக்கூட நான் மாற்றிப் போட்டதில்லை. நடந்த எதுவும் கவனக்குறைவால் நடக்கவில்லை என்பதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று நீங்கள் கடைக்கு வந்தபோது கத்துவீர்கள் என்று நினைத்தேன். ஒரு தாளை நீட்டி, "என் அப்பாவுக்கு என்ன செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றீர்கள். உங்கள் அப்பாவும் குரலை உயர்த்தாத மனிதர்தான்.

அவர் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். எட்டு வருடப் பழசு. திறந்தால் நீலத் திரை வந்து நின்றுவிடும்.

"இதுலதான் என் வீட்டுக்காரி படமெல்லாம் இருக்குப்பா. அவ போயி ஒன்பது மாசம் ஆச்சு. வேற எங்கயும் எடுத்து வைக்கல" என்றார்.

உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி. இழுத்துக்கொண்டு கிடந்தது. அந்த வகை டிஸ்க் போகும்போது சொல்லிக்கொண்டு போகாது. மறுநாள் வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டினேன். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அறுநூற்று இருபத்து நான்கு படங்களும் புது டிஸ்க்குக்கு வந்துவிட்டன. ஒன்றுகூடக் கெடவில்லை. உங்கள் ஊர்க் கடைக்காரர் கண்டுபிடித்தது சரிதான். எல்லாமே ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் பிரதி எடுத்தவை.

மறுநாள் அவர் வந்து, "வந்துச்சாப்பா?" என்று கேட்டபோது எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஸ்டூலில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்கள் போனைப் பார்த்தபடி நிற்பார்கள், எப்போது ரெடியாகும் என்பார்கள், போய்விடுவார்கள். அவர் என் முகத்தைப் பார்த்து, "சாப்டியாப்பா?" என்றார். என் அம்மா போன பிறகு அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில்தான் நான் குடியிருக்கிறேன். நாலு நாள் சேர்ந்தாற்போல் என் குரலையே நான் கேட்காமல் இருந்திருக்கிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

"பன்னெண்டு வந்திருக்கு சார். மிச்சத்தப் பழைய டிஸ்க்லேருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும். வாராவாரம் லேப்டாப்ப எடுத்துட்டு வாங்க" என்றேன்.

வாரத்துக்குப் பன்னிரண்டு என்றால் சரியாக ஒரு வருடம் வரும்.

மீதிப் படங்கள் அதுவரை எங்கே இருந்தன என்று கேட்டீர்கள். அவருடைய லேப்டாப்பிலேயே, நான் மாட்டிக் கொடுத்த புது டிஸ்க்கில், கண்ணில் படாத ஒரு ஃபோல்டரில். செவ்வாய்தோறும் பன்னிரண்டை எடுத்து வெளியே வைப்பேன். மற்றதையெல்லாம் அவர் தன் கையாலேயே வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனார். அவர் பொருள் ஒரு நாளும் அவரை விட்டுப் பிரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைகள் நன்றாக இருந்தன. முதல் நாளே முகம் மழித்துக்கொள்வேன். இரண்டு கப் டீ போடுவேன். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் பேசுவார். முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டியவர் அல்லவா, எந்த ஸ்டேஷனில் யார் டிபன் கேரியரோடு நின்றார்கள் என்பதுவரை ஞாபகம் வைத்திருந்தார். உங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள்தான் பேசும் என்று சொல்லிச் சிரித்தார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

மூன்றாவது மாதம் அவர் கப்பை மேசைக்கு வெளியே வைத்தார். கீழே விழுந்து உடைந்தது. "வருஷா வருஷம் கண் டெஸ்ட்ல பாஸானவன்ப்பா நான். வயசாயிடுச்சு" என்றார். அடுத்த வாரம் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அவரே சொன்னார், கண்ணில் அழுத்தமாம், நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறதாம், உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து உடனே ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமாம், ஒன்றரை மாதம் அங்கேயே தங்க வேண்டுமாம்.

"நான் போற நேரத்துல அந்தப் பழைய டிஸ்க் செத்துப் போச்சுன்னா?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்ல முடியாது சார்" என்றேன். எந்த டிஸ்க்குக்கும் பொருந்துகிற பதில் அது.

"அப்ப இது முடியட்டும். அவளப் பாத்து முடிச்சுட்டுப் போறேன்" என்றார்.

அப்போதுதான் நீங்கள் கடைக்குப் போன் செய்தீர்கள். "அண்ணா, மிச்சப் படம் வரவே வராதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கண்ணா. பொய்தான், பரவால்ல. கண்ணே போயிடும்ங்கிறாங்க. அப்பவாவது கிளம்பி வருவாரு."

நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லம்மா."

அதன்பிறகு என்னால் ஆனதைச் செய்தேன். மாடிப்படியின் ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டினேன். வழியில் இருந்த அலமாரியை நகர்த்தினேன். படங்களைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, வெளிச்சத்தையும் கூட்டி வைத்தேன். அவர் மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார். ஒரு கட்டத்தில் உங்கள் அம்மாவின் முகம் மொத்தமாகத் தெரியவில்லை என்று, கண்ணைத் தனியாக, வாயைத் தனியாகப் பார்த்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வாரமும் பன்னிரண்டுதான் கொடுத்தேன்.

ஏழாவது மாதம் நீங்களே வந்து அழைத்துப்போனீர்கள். போன பார்வை போனதுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். படம் பாக்கி இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்து அவர் திரும்பி வந்ததற்கு நான் பொறுப்பல்ல; நான் கூப்பிடவில்லை. ஆட்டோக்காரர் படிவரை கொண்டுவந்து விடுவார். நான் இறங்கிப்போய்க் கையைப் பிடித்து மேலே ஏற்றுவேன்.

அதன்பின் படங்களை நான்தான் பார்த்துச் சொன்னேன்.

"இதுல என்னப்பா பண்றா?"

"ஜன்னல் பக்கத்துல உக்காந்து தலை துவட்டுறாங்க சார். உங்களத்தான் பாக்குறாங்க."

"திட்டப் போறா" என்று சிரிப்பார்.

முதலில் இருப்பதை இருக்கிறபடியே சொன்னேன். பிறகு பயம் வந்துவிட்டது. வாரத்துக்குப் பன்னிரண்டு குறைந்துகொண்டே வருகிறது; தீர்ந்துபோனால் அவர் எதற்கு வருவார்? அதனால் நிஜப் படங்களை மிச்சம்பிடிக்க, இல்லாத படங்களையும் நடுநடுவே சொல்ல ஆரம்பித்தேன். இத்தனை மாதம் கேட்டதில் உங்கள் அம்மா எனக்கு நன்றாகவே பழகிவிட்டார். என்ன உடுத்துவார், எப்படி நிற்பார் என்றெல்லாம் தெரியும். மஞ்சள் சேலையில் பூங்கா ஊஞ்சலில் காலை நீட்டி ஆடிக்கொண்டிருக்கிறார் என்று சொன்ன அன்று, அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எங்க எடுத்தேன்னே ஞாபகம் இல்லப்பா. எனக்காக ஒரு தடவ ஏறியிருக்கா பாரு" என்றார்.

அதை உங்களிடம் போனில் சொல்லியிருக்கிறார். ஊஞ்சலைப் பார்த்தாலே தலை சுற்றும் அம்மா எப்படி ஏறினாள் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்து, லேப்டாப்பை வாங்கிப்போய் உங்கள் ஊர்க் கடையில் கொடுத்துப் பார்த்தீர்கள். நியாயம்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

டாக்டர் ஆபரேஷன் என்று சொன்ன அன்றே அவர் கையில் எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் அவருக்குக் கண் இருந்திருக்கும். அது தெரிந்தேதான் கொடுக்காமல் வைத்திருந்தேன். இதைப் போலீஸிடம் கொடுங்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதமுள்ள நூற்றுத் தொண்ணூற்றாறு படங்களையும் நீங்களே அவருக்குச் சொல்லலாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஊஞ்சல் படம் பொய் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நேற்று நீங்கள் வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன், வாய் வரவில்லை. ஒரு மனிதர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பதை அவரிடமிருந்து பறிக்கிற புத்தி எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.