சாயங்காலம் இறங்காத கொடி

...சட்டம், விதி, பிரிவுன்னு நானும் ரொம்ப நேரமாப் பேசிட்டேன். முன் வரிசையில ரெண்டு பேரு கொட்டாவி விடுறது இங்கருந்தே தெரியுது! சரி... சட்டப் புத்தகத்த மூடி வச்சிடுவோம். ஒரு சின்னக் கதை சொல்றேன். கற்பனைதான். ஆனா கேட்டு முடிச்சதும் கற்பனையான்னு நீங்களே சொல்லுங்க.

தெற்க ஒரு கடற்கரை ஊர். அங்க மீனவர் சங்கத்துக்குத் தலைவர், பேரு கஸ்பார். நல்ல மனுஷன்தான்... ஆரம்பத்துல!

அந்த ஊர்ல ஒரு வழக்கம். காத்து மோசமா இருந்தா சங்கத் தலைவர் சிவப்புக் கொடி ஏத்துவாரு. ஏறிட்டா ஒரு படகு கடல்ல இறங்காது. எதுக்குன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். ஆனா அதே வழக்கத்துல இன்னொரு பாதி இருக்கு. சாயங்காலம் கொடிய இறக்கிடணும். மறுநாளும் ஏத்தணுமா? விடியக்காலையில எல்லார் முன்னாடியும் நின்னு, காரணத்தச் சொல்லித்தான் ஏத்தணும். புயல் எத்தனை நாள் அடிச்சாலும் அத்தனை நாளும் சொல்லணும். இத ஞாபகம் வச்சுக்கோங்க.

சங்கத் தேர்தல் வந்துச்சு. கஸ்பார எதிர்த்து நின்னது அமலோற்பவம்னு ஒரு அம்மா. கருவாடு காயப்போட்டுப் பொழைக்கிறவங்க. என்ன தகராறு? ஊருக்குச் சொந்தமான படகுத் துறைய வெளியூர்க் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடணும்னு கஸ்பார் சொல்றாரு. விட்டா? அந்தம்மா மாதிரிப் பொம்பளைங்களுக்குத் துறையில கருவாடு காயப்போட ஒரு கைப்பிடி மணல் கிடையாது.

அப்ப வந்துச்சய்யா காய்ச்சல்! தெருத் தெருவாப் புகுந்துச்சு. ஆஸ்பத்திரியில படுக்க இடமில்ல. அமலோற்பவத்தோட கூடப் பிறந்த தம்பியே போயிட்டான்.

கஸ்பார் என்ன பண்ணாரு? சங்கத்து வாசல்ல ஒரு கம்பத்த நட்டாரு. அதே சிவப்புக் கொடிய ஏத்தினாரு. "தேர்தல் கிடையாதுவே! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

தள்ளி வச்சது தப்பா? தப்பே இல்ல! அமலோற்பவமே அழுத கண்ணோட வந்து சொன்னாங்க... "நிறுத்தத்தான் வேணும் தலைவரே. இன்னொரு வீட்டுல சாவு விழ வேண்டாம். ஆனா சங்க விதியில அந்த அதிகாரம் தேர்தல் அதிகாரிக்குத்தான இருக்கு? அவர நிறுத்தச் சொல்லுங்க. மறு தேதியும் சொல்லச் சொல்லுங்க."

கஸ்பார் சிரிச்சாரு. "ஏம்மா, கடலுக்குப் போகாதன்னு சொல்ற நான், ஓட்டுக்குப் போகாதன்னு சொல்லக் கூடாதாக்கும்?"

பாத்தீங்களா... இங்கதான் மனுஷன் சறுக்கினாரு. படக நிறுத்துற அதிகாரம் அவருக்கு உண்டு. தன் பதவிக்கு வர்ற தேர்தல நிறுத்துற அதிகாரம்? யாருய்யா குடுத்தா? ஆனா ஊருக்குக் கொடியப் பாத்தா அடங்கித்தான பழக்கம்... அடங்கிருச்சு.

சாயங்காலம் ஆச்சு. கொடி இறங்கல. காய்ச்சல் தணிஞ்சுச்சு... கொடி இறங்கல. படகு கடலுக்குப் போகுது, சந்தை கூடுது, பள்ளிக்கூடத்துல மணி அடிக்குது... கொடி இறங்கல! கஸ்பாரோட பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு. அவரும் நாற்காலிய விட்டு இறங்கல!

ஒருநாள் ஊருக்குள்ள பேச்சு. நாளைக்குக் குத்தகைப் பத்திரத்துல கையெழுத்தாம்!

அன்னைக்குச் சாயங்காலம் அமலோற்பவம் சங்கத்து வாசலுக்கு வந்தாங்க. ஊரே பின்னாடி நிக்குது. கொடிக்கயித்துல கை வச்சாங்க.

கஸ்பார் உள்ளருந்து பாஞ்சு வந்தாரு. "ஏய்! கொடியத் தொட்டா ஊர்ல இருக்க மாட்ட!"

தலைவர் ஏத்தின கொடியில வேற ஒரு கை பட்டு அந்த ஊர் பாத்ததே இல்ல. ஒருத்தன்... ஒரே ஒருத்தன்கூடப் பக்கத்துல போகல. அந்தம்மாவுக்குக் கை நடுங்குது. ஆனா கயித்த விடல. இறக்கினாங்க. மடிச்சாங்க. கொண்டுபோய் அவர் கையிலயே குடுத்தாங்க.

"சாயங்காலம் ஆயிருச்சு தலைவரே, இறக்கிட்டேன். வழக்கம்தான? நாளைக்கும் ஏத்தணும்னா வாங்க. எங்க முன்னாடி காரணத்தச் சொல்லி ஏத்துங்க. நானே கயிறு பிடிக்கிறேன்."

விடிஞ்சுச்சு. கஸ்பார் கொடியோட வந்தாரு. கயித்தப் பிடிச்சாரு. வாயத் திறந்தாரு... "ஊர்ல காய்ச்சல்..."

கூட்டத்துலருந்து ஒரு படகுக்காரர் மெதுவாக் கேட்டாரு. "போன வாரம் உங்க மகன் கல்யாணத்துக்கு ஊரையே உக்கார வச்சுப் பந்தி போட்டீங்களே தலைவரே... அன்னைக்கு எங்க போயிருந்துச்சு அந்தக் காய்ச்சல்?"

கஸ்பார் பிடிச்சிருந்த கயிறு கைய விட்டு நழுவிருச்சு. கம்பெனிக்காரன் வந்த காரு வந்த வழியே திரும்பிருச்சு.

தேர்தல் அதிகாரி தேதி குறிச்சாரு. அதுவரைக்கும் சங்கத்துச் சாவி அவர்கிட்ட. நடுவுல ஒரு தெருவுல மறுபடி காய்ச்சல் வந்துச்சு. ஒரு வாரம் தள்ளி வச்சாரு. காரணத்தச் சொன்னாரு, அடுத்த தேதியையும் சொன்னாரு. யாராவது கத்தினாங்களா? முதல் ஆளாத் தலையாட்டினதே அமலோற்பவந்தான்!

இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். நோய் வந்தா தேர்தலத் தள்ளி வைக்கலாமா? வைக்கலாம்யா! உசுரு இருந்தாத்தான ஓட்டு? ஆனா தள்ளி வைக்கிறது யாரு... எந்த விதிப்படி... எது வரைக்கும்? அது வரைக்கும் அந்த நாற்காலியில உக்கார்றது யாரு? இத நோய் வந்தப்புறம் யோசிக்க முடியாதுங்க. பயத்துல இருக்கும்போது யார் என்ன சொன்னாலும் தலையாட்டிடுவோம். நல்லா இருக்கும்போதே சட்டத்துல எழுதி வைக்கணும். அதுக்குத்தான் இந்தக் கூட்டம்.

நாளைக்கு நம்ம ஊர்லயும் கொடி ஏறலாம். ஏறட்டும், மதிப்போம், வீட்டுல இருப்போம். ஆனா சாயங்காலம் ஆனா வாசலுக்கு வாங்க. அந்தம்மாவுக்குக் கை ஏன் நடுங்குச்சுன்னு நினைக்கிறீங்க? கஸ்பாருக்குப் பயந்தா? இல்லய்யா... பின்னாடி அத்தனை பேரு நின்னும், கயித்தப் பிடிக்க இன்னொரு கை வரல.

நம்ம ஊர்ல அந்தக் கையத் தனியா விட்டுடாதீங்க.