அசுரனுக்குப் பதில் ஒரு பீப்பாய்

— துர்கா காலடியில அணு உலைக் குப்பையா? யார் மூளையில உதிச்சது இது, அக்கா?

— என் மூளையிலதான். இந்த வருஷம் எங்க பாரா, அதான் எங்க பேட்டை, துர்கா பூஜைக்கு அதான் தீம். அசுரனுக்குப் பதிலா மஞ்சள் பீப்பாய். கமிட்டியில எல்லாரும் கை தட்டினா, தெரியுமோ?

— தட்டுவா, தட்டாம என்ன! தேவிப்ரியாவோட தம்பியே அணுமின் நிலையத்துல ஆபீசராம்னு பவானிபூர் பூரா சிரிக்கும். லீவுக்கு அக்கா ஆத்துக்கு வந்தா, என் பொழைப்புலயே மண்ணை அள்ளிப் போடறே.

— உன் பொழைப்பு இருக்கட்டும் ஜெய்ராம். அந்தக் குப்பையை எங்கேடா வைக்கறேள்?

— பத்திரமா வைக்கறோம்.

— பத்திரம்ங்கறது ஒரு ஊரா? பெஹாலா மாதிரி பஸ் போறதா அதுக்கு?

— கிண்டல் பண்ணாதே. ஒவ்வொண்ணுக்கும் முத்திரை, நம்பர், காவல். ஒரு டப்பா வெளியில போனா தலை உருளும்.

— அது விஷம் தீர ஆயிரக்கணக்கான வருஷமாமே. கரண்ட் நமக்கு, காவல் மட்டும் இன்னும் பொறக்காதவனுக்கா? அவனை எவன் கேட்டான்?

— நிலக்கரிப் புகையில ஜனங்க இருமிச் சாகறாளே, அதுக்கு ஏன் தீம் போடலை?

— போன வருஷம் போட்டோமே! நீதான் வரலை.

— பயம் காட்டறது ரொம்ப சுலபம்க்கா. 'அப்பா, நீ விஷம் பண்றியா'ன்னு காலையில கேக்கறா ஹம்சினி. என் பொண்ணு!

— அவளா பயந்தா? அதோ பாரு, பூஜைப் பந்தல் வாசல்ல. அந்தக் கனத்த பீப்பாய் மேல ஏறி உக்காந்து தாளம் போடறா. நீங்க வந்த நாள்லேர்ந்து அதான் அவ சிம்மாசனம். அப்பா, என்ன கனம்! நாலு பேர் சேர்ந்து இறக்கினா.

— அதைத்தான் கேக்க வந்தேன். மத்த பீப்பாயெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. அது ஒண்ணுல மட்டும் மஞ்சள், மூணு இதழ் கதிர்வீச்சுச் சின்னம், நம்பர்கூட அச்சு அசலா! இதையெல்லாம் காப்பியடிக்க உன் பெயிண்டருக்கு யார் அதிகாரம் குடுத்தா? வரச்சொல்லு அந்த ஆளை!

— நிமாய்தாவையா? அவர் நாளைக்குத்தானேடா வேலையே ஆரம்பிக்கறார். பெயிண்ட் டப்பாவே இன்னும் திறக்கலை. எல்லாம் சாந்த்ராகாச்சி காயலான்கடையிலேர்ந்து வந்தது வந்தபடியே இருக்கு.

— ஹம்சினி! இறங்கும்மா! அதை விட்டு இறங்கி ஓடி வா!