கிளெமெந்தா மகாராணி முடிசூடிய விதம்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், அர்மாந்து தேசத்தின் சட்டப்படியான வாரிசும், மூன்று கோட்டைகளைப் பிடித்தவரும், உறைபனியில் வெறுங்காலோடு நடந்தவருமான கிளெமெந்தா மகாராணியார், 1999ஆம் ஆண்டு கரம்பொனுக்குக் கிட்ட, கோயில் வளவில் போட்ட மேடையில் மங்களகரமாக முடிசூடினார். அந்த மகாராணி நான்தான். விசாரிக்க வந்த தம்பி, நீர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளும். ஆறினால் அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் நாட்டுக்கூத்தில் பெண்வேடமும் ஆண்களுக்குத்தான். பெரிய வேடமென்றால் இரண்டு பேர் பங்குபோட்டு ஆடுவோம். தகப்பன் செத்ததும் ஒன்றுவிட்ட தமையன் பறித்துக்கொண்ட அரியணையைக் கேட்டு அழுவதும், படை திரட்டுவதும், சிறையிலிருந்து தப்புவதும் முன்ராணியின் வேலை. பின்ராணி வந்து முடிசூடி அமர்வார். உடுப்பும் முடியும் ஒன்றுதான்; திரைக்குப் பின்னால் கைமாறும். முன்ராணி யாக்கோப்பு, என் தங்கை மாக்கிறேற்றின் கணவன். பின்ராணி பஸ்ரியாம்பிள்ளையாகிய நான். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள்.

முந்தியெல்லாம் கூத்து விடியவிடிய நடக்கும். ஊரடங்கு வந்தபிறகு பகலில் ஆடினோம். ஐந்து மணிக்குச் சனம் வீட்டுக்குள் இருக்கவேண்டும். யாக்கோப்புக்கு நல்ல குரல், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அது முடிவதில்லை என்பதுதான் குறை. சனம் வன்ஸ்மோர் கேட்டால் திரும்பப் பாடுவார். கேட்காவிட்டால், சனம் வாயடைத்துப் போயிருக்கிறது என்று நினைத்துத் திரும்பப் பாடுவார். தொண்ணூற்றேழில் மகாராணி இரண்டாம் கோட்டை வாசலில் நிற்கும்போதே சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிட்டது. அடுத்த வருடம் பனியில் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் பனி கண்டவர்கள் இல்லை. தலையணைப் பஞ்சைப் பிய்த்து மேலேயிருந்து கொட்டினோம். அது யாக்கோப்பின் வாய்க்குள் போயும் அவர் நிறுத்தவில்லை. இரண்டு முறையும் நான் முகப்பூச்சோடு திரைக்குப் பின்னால் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். அர்மாந்து தேசம் அரசியில்லாமல் கிடந்தது. அதைப்பற்றி ஊரில் ஒருவருக்கும் கவலையில்லை.

யாக்கோப்புக்கோ கரையிலும் அரசகுணம் ஏறிவிட்டது. மீன் ஏலத்தில் விலை கேட்டால் வாய் திறக்காமல் கையை மட்டும் அசைத்தார். "அண்ணை, இவர் சொதி கேக்கிறதெண்டாலும் கட்டளை போட்டுத்தான் கேக்கிறார்" என்று மாக்கிறேற் ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

முன்ராணி தன் வீட்டிலேயே உடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்துபோக வேண்டும், பின்ராணி உடுப்பின் தொங்கலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எமிலியானுஸ் கண்டிப்பாகச் சொல்லும் விதி இன்னொன்று: முடியைத் தலையில் வைத்தவன் மங்களம் பாடி முடியும்வரை சொந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அந்த வருடம் றோட்டில் மத்தளம் அடிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

வழியில் இருந்த ஆமிக் காவலரணில் அன்று காலைதான் ஆட்கள் மாறியிருந்தார்கள். பழையவர்களுக்கு எங்கள் முகம் தெரியும். புதியவன் அடையாள அட்டை கேட்டான். நான் என்னுடையதைக் காட்டினேன். மகாராணியின் உடுப்பில் பொக்கற் இல்லை. யாக்கோப்பின் அட்டை வீட்டில், கதிரையில் தொங்கிய சேட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தது.

பெயர் என்ன என்று அவன் கேட்டான். யாக்கோப்பு நாடியை உயர்த்தி, "கிளெமெந்தா" என்றார். தகப்பன் பெயர் கேட்டான். "அர்மாந்து மாமன்னர்." அவன் கொஞ்ச நேரம் யாக்கோப்பின் மீசையைப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பி, இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டான்.

நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. யாக்கோப்பு கொஞ்சம் பிந்தி வந்தால் மகாராணி நேரத்தோடு முடிசூடலாம் என்று நினைத்தேன். அதில் என்ன பிழை?

"தெரியாது" என்றேன்.

"அப்ப ஏன் உடுப்புப் பிடிச்சது?"

நியாயமான கேள்வி. "நிலத்திலை இழுபட்டுது. பாவமாக் கிடந்தது" என்று சொல்லிவிட்டு, தொங்கலை மண் படாமல் ஒரு கல்லின்மேல் மெதுவாக வைத்தேன்.

யாக்கோப்பு சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அண்ணாவியாரின் விதியை மீறியது அப்போதுதான்.

"மச்சான், நான் யாக்கோப்பு எண்டு சொல்லன்."

ஒரே வாயால் இரண்டு பெயர் சொல்லும் ஆளை நீர்தான் நம்புவீரா? அவனும் நம்பவில்லை. உள்ளே கூட்டிப்போகும்போது முடி வாசல் நிலையில் இடிபட்டது. யாக்கோப்பு குனிந்து போனார்.

முடியும் அவரோடு போய்விட்டது என்று எனக்கு மேடைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது, வழியிலேயே திரும்பிவிட்டார் என்று அண்ணாவியாரிடம் சொன்னேன். கட்டில் விரிப்பு ஒன்றைச் சுற்றி, பிஸ்கற் பெட்டி மூடியை வளைத்துத் தலையில் கட்டி, இரண்டு பாதியையும் நானே ஆடினேன். ஒவ்வொரு பாட்டும் ஒருமுறைதான். கோட்டைகள் மூன்றும் மளமளவென்று விழுந்தன. நான் அரியணையில் அமர்ந்தபோது வெயில்கூடச் சாயவில்லை. சனம் எழும்பி நின்று கைதட்டியது. முன்வரிசையில் மாக்கிறேற்றும் தட்டினாள்.

பொழுதுபடுவதற்குள் அவள் வந்து, "அண்ணை, இவர் வீட்டையும் இல்லை" என்றாள். வருவார் என்றேன். மறுநாள் அவளும் அண்ணாவியாரும் கோயில் சுவாமியாரும் காவலரணுக்குப் போய்க் கேட்டார்கள். யாக்கோப்பு என்ற பெயரில் ஒருவரையும் பிடிக்கவில்லை என்று பதில் வந்தது. நான் மதகடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீர் நினைக்கிறீர். நானும் யோசித்துப் பார்த்தேன். நேற்றுத் தெரியாது என்றவன் இன்றைக்குத் தெரியும் என்றால் என்னைப் பொய்யன் என்று எண்ணமாட்டார்களா? முடிசூடியவருக்கு அது அழகில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மகாராணி தவறாமல் முடிசூடுகிறார். இப்போது சமாதான காலம், ஊரடங்கு இல்லை, பழையபடி விடியவிடிய ஆடலாமே என்று அண்ணாவியார் கேட்கிறார். எதற்கு? சனத்துக்குச் சுருக்கம்தான் பிடிக்கிறது. மாக்கிறேற் மட்டும் கூத்துப் பார்க்க வருவதில்லை. அவளுக்குக் கலையில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

நீர் கேட்டதற்கு நேரான பதில் இதுதான். யாக்கோப்பு இன்னும் வரவில்லை.