வீட்டு டிவியைக் கேரவனில் மாட்டிய விதம்

கான்ஸ்டபிள் டூயி அவர்களே, இதை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக டாரிலிடம் காட்டாதீர்கள். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாக்குமூலம் என்றால் முதலில் பெயர், வயது, முகவரி, அதன் பிறகு நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும் என்று சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன். கடைசி வரை எழுத முடியுமா என்று தெரியவில்லை. அதனால் கடைசியில் போட வேண்டியதை இங்கேயே போட்டுவிடுகிறேன். இதில் உள்ளது எல்லாம் நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. ஒப்பம், டாலியா ப்ரூயிட்.

என் பெயர் டாலியா ப்ரூயிட். வயது பதின்மூன்று. போவன் ஊரில், சக்கர வீடுகள் நிற்கும் பண்டானஸ் கேரவன் பார்க்கில், குளியலறைக் கட்டடத்துக்கு எதிரே, என் அம்மா கெரினுடனும் அம்மாவின் துணைவர் டாரிலுடனும் எங்கள் கேரவனில் குடியிருந்தேன். இருவரும் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். கேரவன் எரிந்துபோனதால் பார்க்கின் பழைய கேரவன் ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். டாரில் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அவர் படியில் கால் வைத்தால் கேரவன் சாயும். அதை வைத்துத்தான் அவர் வருவது எனக்குத் தெரியும்.

எங்கள் பழைய டிவி, தோட்டத்து மண் ரோட்டில் வண்டி குலுங்கியதில் சுவரிலிருந்து விழுந்து உடைந்தது. அதன் பிறகு, ஆரிஜின் ரக்பி மேட்ச் வருவதற்குள் வேறு வாங்க வேண்டும் என்று டாரில் சொன்னதால் மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு டிவிகளைக் காட்டினார். ஒன்று கேரவனுக்கென்றே செய்த சிறியது. மற்றது வீட்டில் வைக்கும் பெரியது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இடத்தை அம்மா சாணால் அளந்து வந்திருந்தார். சின்னதுதான் சரியாக உட்காரும் என்றார். டாரில் பெரிய டிவியின் அடாப்டரைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுலயும் பன்னெண்டு வோல்ட், அதுலயும் பன்னெண்டு வோல்ட். கேரவன்னு ஸ்டிக்கர் ஒட்டினதுக்கா ரெட்டை வெல?"

"பேட்டரி மேல பன்னெண்டுன்னுதாங்க எழுதியிருக்கும். வெயில்ல சோலார் ஏறுறப்போ பதினாலைத் தாண்டிரும். சின்னது அதைத் தாங்கும், இது தாங்காது," என்றார் கடைக்காரர்.

"நான் மேட்ச் பாக்கணும்யா, தபால் தலை பாக்கல."

அம்மா சிரிக்கவில்லை. "பெருசுதான் வேணும்னா இன்வெர்ட்டர்ல மாட்டு. நீயா ஒயரை வெட்டாத. தண்ணி மோட்டாரைக் கருக்கின மாதிரி இதையும் பண்ணினே, நான் டாலியாவைக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்," என்றார். டாரில் தலையாட்டினார். பெரியதையே வாங்கினோம்.

அதன் பிறகு, அம்மா வேலைக்குப் போயிருந்தபோது, டாரில் அடாப்டரின் ஒயரை வெட்டி, டிவிப் பக்கத்து ஒயரை நேராகக் கேரவன் பேட்டரி ஒயரோடு முறுக்கி டேப் சுற்றினார். டிவி ஓடியது. "பாத்தியா குட்டி? கடைக்காரன் என்னமோ கத விட்டான்," என்றார். மறுநாள் வெயில் ஏறியதும் ஃபியூஸ் போனது. வேறு ஒன்று போட்டார், அதுவும் போனது. அதன் பிறகு, நான் தின்றுகொண்டிருந்த சாக்லேட்டின் வெள்ளித் தாளைக் கேட்டார். கொடுத்தேன். அதைச் சுருட்டி ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்தார், டிவி மறுபடி ஓடியது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

மேட்ச் அன்று இரவு, பக்கத்து இடத்தில் பழைய பஸ்ஸை வீடாக்கி நாயோடு தனியாக இருக்கும் கிழவர் கிளாரி, எங்கள் வாசலுக்கு வந்தார்.

"டேய், செத்தவன்கூட எந்திரிச்சு உக்காந்துருவான். சத்தத்தைக் கொறைக்கலன்னா அந்தப் பொட்டியக் கொளுத்திப்புடுவேன்."

"போய்ப் பல்லைக் கழட்டி வெச்சிட்டுப் படு, பெரிசு."

பார்க்கில் பாதிப் பேர் கேட்டார்கள், சிரித்தார்கள்.

அதன் பிறகு சனிக்கிழமை, அம்மா தக்காளி பேக்கிங் ஷெட்டில் இரவு வேலை முடித்து வந்து, நல்ல வெயிலில் கேரவனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். டாரில் டிவியை அணைக்காமல் பியர் வாங்கப் போனார். நான் துணி துவைக்கும் அறை வாசலில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கூரை ஜன்னலிலிருந்து புகை வந்தது. அப்போது கிளாரி தன் நாற்காலியில் உட்கார்ந்து நாயின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். புகை வந்தது முதலில். அவர் எழுந்தது பிறகு. இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். அதன் பிறகு அவர் வீல் கழற்றும் கம்பியால் கதவை நெம்பித் திறந்து, அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து புல்லில் கிடத்தினார். அம்மாவின் வலது கை வெந்திருந்தது. கிளாரிக்குப் புருவம் இல்லை.

அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள். கிளாரி கம்பியோடு வாசலில் நின்றதாகவும், கொளுத்துவேன் என்று முன்பே மிரட்டியதாகவும் டாரில் சொன்னார். பார்க்கில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். நீங்கள் அவரை வண்டியில் ஏற்றினீர்கள். அவர் என்னிடம், "நாய்க்குத் தண்ணி வையி, புள்ள," என்று மட்டும் சொன்னார். வைத்தேன்.

இன்று சாயங்காலம் டாரில் எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். எனக்குப் பிடித்த மாதிரி, மஞ்சள் உடையாமல்.

"நாளைக்கு அந்தப் போலீஸ்காரம்மா கேட்டா, கிளாரி கையில லைட்டர் பாத்தேன்னு சொல்லு. அது போதும்."

"நான் பாக்கலையே."

"தாளு யாரு குடுத்தா? நீதானே. கெரினுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம், குட்டி. சாப்பிடு, ஆறிடும்."

சாப்பிட்டேன்.

வெட்டிய அடாப்டரை அவர் எறிந்த குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து, கிளாரியின் நாய் படுக்கும் சாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த நாய் டாரிலை ஒரு முறை கடித்திருக்கிறது. அவர் அந்தப் பக்கம் போகமாட்டார். அது என்னைக் கடிக்காது. உங்களைக் கடிக்குமா என்று தெரியவில்லை, அதனால் என்னோடு வாருங்கள்.

நாளை டாரில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும்போது நான் லைட்டரைப் பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. சொன்னால் அதை எழுதிக்கொள்ளாதீர்கள். என் வாக்குமூலம் இதுதான். நீங்கள் கிளம்பும்போது நாய்க்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று கூடவே வெளியே வந்து, இதை உங்கள் கையில்

கேரவன் சாய்ந்தது. கதவைத் தட்டுகிறார். லைட்டர் இல்லை. கிளாரியின் கையில் நாயின் காதுதான் இரு